காலைக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லையா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே பதினான்கு பேர். 'ஏதாவது பிரச்சினையா?' என்று காலைக் கூட்டத்தில் கேட்டால் ஒருவரும் பேசுவதில்லை. வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பிய பிறகே பழுது தெரிகிறது. பயந்து மறைக்கிறார்களா?

பதில்: பயந்துதான். கூட்டத்தில் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். மெஷின் அருகே போய், 'இன்று எந்தப் பீஸ் உங்களுக்குச் சந்தேகமாக இருந்தது?' என்று தனியாகக் கேளுங்கள். இன்செர்ட் (உலோகத்தை வெட்டும் சிறு கத்தித்துண்டு) முனை உடைந்து துளையின் அளவு தவறிப்போன பீஸை டிரேயின் அடியிலிருந்து ஆபரேட்டர் எடுத்து நீட்டுவார். அப்போது உங்கள் முகம் போகிற போக்கைப் பக்கத்து மெஷின்காரர்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'எத்தனையாவது பீஸிலிருந்து?' என்று மட்டும் கேளுங்கள். இன்செர்ட்டை உடனே மாற்றிக் கொடுங்கள்.

ரிஜெக்‌ஷன் கணக்கு முதலில் ஏறும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். இதை மேலாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தலைதான் உருளும்.

'உளவியல் பாதுகாப்பு', அதாவது தவறைச் சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை, என்று இரண்டு நாள் ஹோட்டல் பயிற்சி விற்க ஆட்கள் வருவார்கள். பந்து எறியும் விளையாட்டு, குழுப் படம், சான்றிதழ், கடைசியில் பில். பெயர் வேண்டாம் என்று அவர்கள் நீட்டும் கருத்துப் படிவத்தில் பிரிவு, ஷிஃப்ட், வயது எல்லாம் கேட்டிருக்கும். பதினான்கு பேரில் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளரா வேண்டும்?

தவறு செய்தவர் எல்லோரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பிரஸ் மெஷினின் பாதுகாப்புச் சென்சாரைத் தெரிந்தே முடக்கிவிட்டு ஓட்டுபவரை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அது கைதவறல் இல்லை, கையே போகும். இன்செர்ட் உடைந்ததையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆனால் சென்சாரோடு ஓட்டினால் எட்டவே முடியாத இலக்கைப் பலகையில் எழுதியவர் யார் என்று பாருங்கள். அது நீங்களாக இருந்தால், மெமோ கொடுக்கும் முன் பலகையை அழியுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் பழுதுக்குக் காரணம் கேட்டுப் படிவம் ஒன்று வரும். மூல காரணம்: 'ஆபரேட்டரின் கவனக்குறைவு'. நடவடிக்கை: 'மறுபயிற்சி அளிக்கப்பட்டது'. இந்த இரண்டு வரிக்குக் கையெழுத்துப் போடாத தணிக்கையாளரை நான் இதுவரை பார்க்கவில்லை. நீங்களாவது அதை எழுதாதீர்கள்.

உங்கள் பதினான்கு பேரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் அவர்களுடைய கேட் பாஸ் போகாது என்று ஒப்பந்ததாரரிடம் உறுதி வாங்குங்கள். அது கிடைக்கும்வரை 'தயங்காமல் சொல்லுங்கள்' என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம்.