கணினிக் கேள்வி பதில்: பிங் ஓடுகிறது, ஐஎஃப்கொன்ஃபிக் ஓடவில்லை

கேள்வி: எங்கள் கணினி நிலையத்தில் டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறோம். மாணவர் கணக்கில் பிங் ஓடுகிறது. ஐஎஃப்கொன்ஃபிக் அடித்தால் ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்கிறது. இரண்டும் நெட்வேர்க் பார்க்கும் கருவிகள்தானே, ஏன் வெவ்வேறு அடைவுகளில் (கோப்புறைகளில்) வைத்திருக்கிறார்கள்?
*வாசகர், ஹட்டன்*

பதில்: கருவி என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து இடம் ஒதுக்குவதில்லை, அதை யார் ஓட்டுவார் என்பதே கணக்கு. எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்க வேண்டும் என்று சொல்வது எஃப்எச்எஸ் தரம். 2015இல் வந்த அதன் 3.0 பதிப்பின்படி, சாதாரணப் பயனர் எப்போதாவது நேரடியாக ஓட்டக்கூடிய எதுவும் ‘பின்’ அடைவில் இருக்க வேண்டும். நிர்வாகிக்கு மட்டுமானது ‘எஸ்பின்’. நெட்வேர்க் பழுது பார்க்க ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) பிங் கட்டாயம் தேவை. ஆனாலும் பயனர்களும் அடிக்கடி ஓட்டுவதால் அது /பின்னுக்கு வந்தது. ஐஎஃப்கொன்ஃபிக் கணினியின் நெட்வேர்க் முகவரியை மாற்றவும் செய்யும் என்பதால் /எஸ்பின்னுக்குப் போனது. ஆனால் முகவரியைப் பார்க்க வேண்டிய தேவை எல்லோருக்கும் உண்டு. இந்தப் பிரிப்பு இடறுவது இங்கேதான்.

கட்டளையைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலே பாத். டெபியனில் சாதாரணப் பயனரின் பாத் பட்டியலில் எஸ்பின் கிடையாது. கருவி எங்கே என்று காட்டும் ‘விச்’ கட்டளை அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடுவதால் கருவி இல்லை என்றே சொல்லும். ‘வேர்இஸ்’ எஸ்பின்னையும் பார்க்கும். அதிலும் வராவிட்டால் ஐஎஃப்கொன்ஃபிக் அடங்கிய நெட்-டூல்ஸ் பொதியே (மென்பொருள் தொகுப்பே) நிறுவப்படவில்லை. இருந்தால் /எஸ்பின்/ஐஎஃப்கொன்ஃபிக் என்று முழுப் பாதையோடு அடியுங்கள், பார்ப்பதற்கு ரூட் வேண்டாம். மாணவர்களுக்கு, முகவரியைக் காட்டும் ‘ஐபி அட்ர்’ கட்டளையைப் பழக்குவதே மேல். அது ‘பின்’ அடைவிலேயே இருக்கிறது. ரூட்டாக மாறும்போது ‘எஸ்யூ’ கட்டளைக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு (-) போடுங்கள். டெபியன் 10 முதல், வெறும் எஸ்யூ பழைய பாத்தையே வைத்துக்கொள்வதால் ரூட்டுக்கும் இதே பிழை வரும்.

ஃபெடோரா 42இல் பின்னையும் எஸ்பின்னையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: மழை நாட்களில் இணைய இணைப்பு அறுந்துபோகும் நேரங்களைப் பதிய, பிங்கை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். /யூஎஸ்ஆர்/பின்னில் போடலாமா?
*வாசகர், பண்டாரவளை*

பதில்: வேண்டாம். அது பொதி மேலாளரின் இடம். அதே பெயருள்ள கோப்போடு ஒரு பொதி வந்தால் உங்கள் கோப்பின்மேல் எழுதிவிடும். நீங்களே எழுதியவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னுக்குரியவை. உரிமையாளர் ரூட், அனுமதி 755 (எல்லோரும் ஓட்டலாம், ரூட் மட்டும் மாற்றலாம்).

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை எழுதுங்கள். பயனர் கிரானின் பாத் வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டோடு முடிந்துவிடும், லோக்கலை அது பார்ப்பதில்லை. எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்ற எண்ணையும் பிங்குக்குக் கொடுங்கள், நான்கு போதும். லினக்ஸ் பிங் தானாக நிற்காது. கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினால், ஒவ்வொரு நிமிடமும் புதிதாக ஒன்று தொடங்கிக் குவிந்துவிடும்.

முதலில் ரௌட்டரின் முகவரிக்கும், பிறகு வெளி முகவரி ஒன்றுக்கும் அனுப்புங்கள். முதலாவது பதில் தந்து இரண்டாவது தராவிட்டால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே.

பிங்கையும் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் நகலெடுத்து வைக்காதீர்கள். பல லினக்ஸ்களில் அது ரோ சொக்கெட் (நெட்வேர்க்கோடு நேரடியாகப் பேசும் வழி) திறப்பது கோப்போடு ஒட்டியிருக்கும் சிறப்பு அனுமதியால். சாதாரண நகலில் அந்த அனுமதி உதிர்ந்துபோகும், பிறகு ‘அனுமதி இல்லை’ என்று வரும். அசல் பிங்கிலேயே அந்தப் பிழை வந்தால், அடைவை மாற்றிப் பயனில்லை. அந்தச் சிறப்பு அனுமதியை நம்பும் லினக்ஸ் என்றால், பிங் அடங்கிய ஐபியூடில்ஸ்-பிங் பொதியை மறுபடி நிறுவுங்கள்.