ஹெட் கேஸ்கெட் மாற்றியும் கசிவு நிற்கவில்லையா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அலுமினிய ஹெட். ஒரே வருடத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் மாற்றியாகிவிட்டது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கூலன்ட் குறைகிறது, ரிசர்வ் டேங்கில் குமிழி வருகிறது. கேஸ்கெட்டின் தரம்தான் சரியில்லையா?

பதில்: இரண்டு கேஸ்கெட்டும் ஒரே மாதிரி போயிருந்தால், குறை பெரும்பாலும் கேஸ்கெட்டில் இருக்காது. ஹெட்டைப் பிடித்து வைத்திருப்பது போல்ட்தான். எஞ்சினின் மேல்பாகமான ஹெட், சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகமான பிளாக் ஆகிய இரண்டின் சமதளங்களுக்கு நடுவே சீராக நசுங்கியிருந்தால்தான் கேஸ்கெட் அடைக்கும்.

கழற்றிய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டர் துளையைச் சுற்றியும் உள்ள வளையத்தில் பளிச்சென்று ஒரு தடம் பதிந்திருக்க வேண்டும். அந்தத் தடம் ஓரிடத்தில் மங்கி, அதன் குறுக்கே தண்ணீர்த் துளையை நோக்கிக் கரிக்கோடு ஓடினால், அழுத்தம் குறைந்த இடம் அதுதான். அதே இடத்தை ஹெட்டிலும் பிளாக்கிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்ட்ரெயிட் எட்ஜும் (நேர்விளிம்புச் சட்டம்) ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). நீளவாக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு, குறுக்கே இரண்டு என ஆறு இடங்களில் வைத்துப் பாருங்கள். நான்கு சிலிண்டர் அலுமினிய ஹெட்டுகள் பலவற்றுக்கு வளைவின் வரம்பு 0.05 மி.மீ.; சிலவற்றுக்கு 0.10 வரை போகலாம். உங்கள் எஞ்சினின் மேனுவல் சொல்வதே கணக்கு. பிளாக்கையும் இதே போல அளக்க வேண்டும். ஹெட்டை மட்டும் லேத்துக்கு அனுப்பிவிட்டு பிளாக்கைத் தொடாமல் விடுவதால்தான் பல வண்டிகள் திரும்பி வருகின்றன.

பலர் கண்ணில் படாமல் போவது பிளாக்கில் உள்ள போல்ட் துளைகள். ஹெட்டைத் தூக்கும்போது கூலன்டும் ஆயிலும் அவற்றில் இறங்கிவிடும். அடி மூடிய துளையாக இருந்தால் அது வெளியேற வழியில்லை. போல்ட் இறங்கும்போது அதன் நுனி அந்தத் திரவத்தில் முட்டி நிற்கும். டார்க் ரெஞ்ச் (திருகு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) ‘கிளிக்’ என்று சொல்லிவிடும். போல்ட்டோ தேவையான அளவு இழுபட்டிருக்காது. இன்னும் பலமாகத் திருகினால் பிளாக்கே விரிசல் விடும். ஒவ்வொரு துளையையும் துணியால் ஒற்றியெடுத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடியுங்கள். மரையைச் சுத்தம் செய்ய டேப் (மரை வெட்டும் கருவி) வேண்டாம், அது மரையையே சீவிவிடும். பழைய ஹெட் போல்ட் ஒன்றில் நீளவாக்கில் இரண்டு மூன்று காடி வெட்டிக் கையால் திருகி இறக்கினாலே அழுக்கு வந்துவிடும்.

இத்தனை சுத்தம் எதற்கென்றால், நீங்கள் கொடுக்கும் டார்க்கில் (திருகு விசையில்) ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே கரைந்துவிடும். மிச்சம்தான் போல்ட்டை இழுக்கிறது. ஒரு மரை துருப்பிடித்தும் அடுத்தது வழவழப்பாகவும் இருந்தால், ஒரே டார்க்கில் இரண்டுக்கும் இரண்டு விதமான பிடிப்பு. கடைசிக் கட்டத்தை 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று கோணக் கணக்கில் திருகச் சொல்வது அதனால்தான். அப்படித் திருகும் எஞ்சின்கள் பலவற்றில் போல்ட் நீண்டுவிடும். மேனுவல் புதுசு போடச் சொன்னால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். மரையிலும் தலைக்கு அடியிலும் ஆயில் தடவுவதா, உலர்ந்தே போடுவதா என்பதையும் மேனுவலிலேயே பாருங்கள். மேனுவல் வேறு வரிசை சொல்லாவிட்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள்; கழற்றும்போது இதற்கு நேர் எதிர், அதுவும் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு. சூட்டோடு கழற்றினால் ஹெட் வளையும்.

கேள்வி: ஹெட்டை ஃபேஸிங் (அடிப்பக்கத்தைச் சீவிச் சமப்படுத்துவது) செய்துவிட்டார்கள். இனி பயமில்லையே?

பதில்: அடிப்பக்கம் மட்டும்தான் நேராகியிருக்கிறது. ஹெட் வாழைப்பழம் போல வளைந்திருந்தால், மேலே கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உட்காரும் பாதையும் சேர்ந்தே வளைந்திருக்கும். வால்வுகளை அழுத்தும் பாகங்களை எடுத்துவிட்டு, கேம்ஷாஃப்ட்டை மட்டும் வைத்து மூடிகளை இறுக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்தால் அந்த ஹெட் இன்னும் நேராகவில்லை.

பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் என்றால் ஃபேஸிங்கின் வழவழப்பும் முக்கியம். நகத்தை ஓட்டினால் கோடுகள் தட்டுப்படக் கூடாது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட, சுழலும் எம்ரி டிஸ்க்கை அலுமினியத்தில் வைக்கவே வேண்டாம்: கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும், உதிரும் தூள் பேரிங் வரை போய் எஞ்சினையே கெடுக்கும்.

வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருந்தால் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் கசிவு நிற்காது. தண்ணீர்ப் பாதைகளை அடைத்து, வெந்நீரில் ஹெட்டை மூழ்கவைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும்.

கேள்வி: கேஸ்கெட்டின் இரு பக்கமும் பேஸ்ட் தடவினால் நன்றாக அடைக்குமா?

பதில்: வேண்டாம். ஸ்டீல் கேஸ்கெட்டில் தேவையான ரப்பர் பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் மூலை போன்ற இடங்களில் மேனுவல் காட்டினால் மட்டும் ஒரு சொட்டு.

கேள்வி: டீசல் எஞ்சினுக்கு ஒரே மாடலில் மூன்று விதமான கேஸ்கெட் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: ஓரத்தில் உள்ள துளைகளையோ வெட்டுகளையோ எண்ணிப் பாருங்கள், அவை தடிமனைக் குறிக்கும். பழையதில் இருந்தபடியே வாங்குவது வழக்கம். ஆனால் பிஸ்டன், கனெக்டிங் ராட் மாற்றியிருந்தாலோ பிளாக்கைச் சீவியிருந்தாலோ அந்தக் கணக்கு செல்லாது. பிஸ்டனை மேலே கொண்டுவந்து, அது பிளாக்கைவிட எவ்வளவு வெளியே நிற்கிறது என்று டயல் கேஜால் அளந்து, அதிகம் நிற்கும் பிஸ்டனுக்கு ஏற்ற தடிமனை எடுக்க வேண்டும். கழற்றி மாட்டும் லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) உள்ள எஞ்சினில் லைனரின் விளிம்பு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதையும் அளங்கள். பக்கத்துப் பக்கத்து லைனர்கள் ஏற்ற இறக்கமாக இருந்தால் தாழ்ந்ததன் மேல் அழுத்தம் விழாது.

கேள்வி: ஹெட்டைத் திறக்காமலே உறுதி செய்ய முடியுமா?

பதில்: முடியும். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் மேல்நிலைக்கு (வால்வுகள் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து, எஞ்சின் சுற்றிவிடாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்று கொடுங்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். பக்கத்து பிளக் துளையில் சீறினால் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே போயிருக்கிறது. ஆயில் மூடியில் காற்று வந்தால் முதலில் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள், ஹெட்டை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.