வண்டி கேள்வி பதில்: பழைய ஆயில எதுல புடிக்கணும், எதுல வைக்கணும்?

இந்த தடவை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து வந்த கேள்விகள்ல நிறைய, வீட்லயே பைக்குக்கு ஆயில் மாத்துறத பத்திதான். புது ஆயில் எது நல்லதுன்னு கேக்கிறவங்கள விட, வெளிய வர்ற கறுப்பு ஆயில எங்க வைக்கதுன்னு தெரியாம நிக்கிறவங்கதான் அதிகம். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, ஸ்ப்ளெண்டர் வச்சிருக்கேன், ஆயில் நானே மாத்திருவேன். ஆனா பழைய ஆயில் புடிக்கதுக்கு ஒரு பாத்திரமும் ஒத்து வரல. பக்கெட் அடியில போகாது, தண்ணி பாட்டில வெட்டி வச்சா பாதி உள்ள விழுது, பாதி முற்றத்து டைல்ஸ்ல. என்னதான் வைக்கது?
(வாசகர், தக்கலை)

பதில்: தம்பி, ஒரே பாத்திரத்துல ரெண்டு வேலையையும் முடிக்க பாக்கிறீங்க, சிக்கல் அங்கதான் இருக்கு. புடிக்கதுக்கு வாய் அகலமா, உயரம் கம்மியா ஒண்ணு வேணும். வைக்கதுக்கும் கொண்டு போறதுக்கும் வாய் சின்னதா, திருகு மூடி போட்டு ஒண்ணு வேணும். இந்த ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கிட்டீங்கன்னா முற்றமும் நாசமாகாது, ஆயிலும் கடைசி வரைக்கும் கைக்குள்ள நிக்கும்.

புடிக்கதுக்கு காசு செலவு பண்ணவே வேண்டாம். வீட்ல சமையல் எண்ணெய் வாங்குற 5 லிட்டர் கேன் இருக்குல்லா, கைப்பிடி வச்சது, அத படுக்க வச்சு மேல வர்ற அகலமான பக்கத்த மட்டும் வெட்டி எடுத்துருங்க, ஓரத்துல ரெண்டு விரல் அகலம் விட்டு வெட்டணும், அப்பதான் தூக்கும்போது ஆயில் அலம்பி வெளிய வராது. மூடிய கழட்டாதீங்க, நல்லா இறுக்கி வைங்க. ஆயில் முழுசா எறங்கினதும் கேன தூக்கி அந்த மூடிய தொறந்து அதே வாய் வழியா பாட்டில்ல ஊத்திக்கலாம், தட்டுல இருந்து ஊத்துற மாதிரி நாலு பக்கமும் வழியாது. வெட்டுறதுக்கு முன்னாடி வண்டிய சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு கேன் அடியில போகுதான்னு ஒருக்கா தள்ளி பாத்துருங்க.

தண்ணி பாட்டில் வேண்டாம்னு சொல்றதுக்கு வாய் சின்னதுங்கிறது மட்டும் காரணம் இல்ல. அந்த பாட்டில் அடியில முக்கோணத்துக்குள்ள 1-னு போட்டிருக்கும், அந்த வகை பிளாஸ்டிக் சுமார் 70 டிகிரி சூட்டுலயே இளக ஆரம்பிக்கும், ஓடி வந்த வண்டில ஆயில் அத விட சூடா இருக்கலாம். எஞ்சின் ஆயில் கேன்லயும் பல சமையல் எண்ணெய் கேன்லயும் 2-னு இருக்கும், அத பாத்து எடுங்க, அது சூட்டையும் தாங்கும், ஆயில் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. அதுக்காக கொதிக்க கொதிக்க எறக்கவும் வேண்டாம், வண்டிய ரெண்டு மூணு நிமிஷம் ஸ்டார்ட்ல விட்டு ஆஃப் பண்ணி ஒரு பத்து நிமிஷம் கழிச்சு எஞ்சின் அடியில ஆயில் எறக்குற போல்ட்ட கழட்டினா ஆயிலும் நல்லா எறங்கும், கையும் பொள்ளாது.

இன்னொண்ணு கவனிங்க. போல்ட் கழண்ட உடனே ஆயில் நேரா கீழ விழாம சாய்வா பீச்சலாம். கொறைய கொறைய பின்னால வந்து கடைசில போல்ட் ஓட்டைக்கு நேர் கீழ சொட்டும். அதனால கேனோட நீளப் பக்கத்த ஆயில் பீச்சுற திசைக்கு வைங்க, ஒரு ஓரம் ஓட்டைக்கு நேர் கீழ, மத்தது முன்னால. போல்ட்டும் வாஷரும் கைநழுவி உள்ள விழுறது சகஜம், கேன் மேல பழைய டீ வடிகட்டி ஒண்ண வச்சா அதுல நின்னுரும். அந்த வடிகட்டி அதுக்கப்புறம் அடுக்களைக்கு போகக்கூடாது.

வைக்கதுக்கு நீங்க புது ஆயில் வாங்கின அதே பாட்டில் போதும். ஸ்ப்ளெண்டருக்கு 900 மில்லி பாட்டில் வரும், உள்ள ஊத்தினது காலியானதும் வெளிய வந்தது அதுலயே அடங்கும். இதுல கூடுதலா ஒரு லாபம் உண்டு. பாட்டில் பக்கத்துல அளவுக்கோடு இருக்கும், எவ்வளவு வந்துதுன்னு பாத்து எழுதி வைங்க. கொஞ்சம் ஆயில் எப்பவும் எஞ்சினுக்குள்ளயே தங்கும், அது கணக்கில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் கொறைஞ்சுக்கிட்டே வந்து 900 ஊத்தினதுல 600 தான் வருதுன்னா எங்கயோ கசியுது, இல்லன்னா எஞ்சின் ஆயில எரிக்குது. அப்ப மெக்கானிக்க பாருங்க.

பாட்டில் லேபிள கிழிச்சுட்டு மார்க்கர்ல பெருசா "பழைய ஆயில்"னு எழுதுங்க. லேபிளோட காலி பாட்டில் ஆக்கர்காரர் (பழைய சாமான் எடுக்கிறவர்) கைக்கு போனா அதுல கண்டதையும் ஊத்தி புதுசுன்னு விக்கிறவங்க கைக்கும் போகும்.

கேள்வி: எங்க வீட்ல ரப்பர் பால் ஊத்தி ஒறைய வைக்கிற அலுமினிய டிஷ் நிறைய கெடக்கு. அகலம் சரியா இருக்கு, ஒயரமும் கம்மி. அதுல புடிச்சுட்டு சோப்பு போட்டு கழுவி திரும்ப பாலுக்கு எடுக்கலாமா? பால் ஒறையதுக்கு ஊத்துற பார்மிக் ஆசிட் வந்த கேனும் கெடக்கு, அதுல ஊத்தி வைக்கலாமா?
(வாசகர், குலசேகரம்)

பதில்: டிஷ் அருமையான பாத்திரம், ஆயில் புடிக்கதுக்கு அதவிட பொருத்தமா எதுவும் நம்ம பக்கத்துல கெடைக்காது. சூடு தாங்கும், உடையாது, வண்டிக்கு அடியில சரியா போகும். ஆனா ஆயிலுக்கு எடுத்தது எடுத்ததுதான், பாலுக்கு திரும்ப போகக்கூடாது. இயற்கை ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது, பட்ட எடம் ஊதி கொழகொழன்னு ஆயிரும். எவ்வளவு கழுவினாலும் அலுமினியத்துல ஒரு படலம் நிக்கும், அது ரப்பர் ஷீட்ல கறையா எறங்கினா கிரேடு பாக்கிறவரு கீழ தள்ளிருவாரு, காலைல இருட்டோட எழும்பி பால் வெட்டினவங்க உழைப்பு போச்சு. ஓரம் நெளிஞ்ச பழைய டிஷ் ஒண்ண எடுத்து பெயிண்ட்ல அடையாளம் போட்டு தனியா மாட்டிருங்க, வெட்டுக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லிருங்க.

டிஷ்ல இருந்து பாட்டில்ல ஊத்தும்போது ஓரம் வழியும். டிஷ் மூலைய லேசா நெளிச்சு ஒரு மூக்கு மாதிரி ஆக்கிக்கிட்டா புனல்ல சரியா எறங்கும்.

ஆசிட் கேன் வேண்டவே வேண்டாம். கழுவினாலும் உள்ள கொஞ்சம் ஆசிட்டும் தண்ணியும் நிக்கும், பழைய ஆயில்ல தண்ணி கலந்தாலோ வேற கெமிக்கல் கலந்தாலோ மறுசுழற்சிக்கு எடுக்கிறவங்க எடுக்க மாட்டாங்க. அது போக, ஆசிட்னு நெனச்சு எவராவது ஆயில பால்ல ஊத்திட்டா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க.

கேள்வி: எங்க மாமா பழைய ஆயில குடுக்க விடமாட்டாரு. கறையானுக்கு நல்லதுன்னு மாட்டுத்தொழுவத்து மரத்துல, வேலிக்கல்லு பக்கத்துல, வாழைக்கு சுத்தி எல்லாம் ஊத்துவாரு. மிச்சத்த வெளிய ஓடைல. இது சரியா அண்ணாச்சி?
(வாசகர், திங்கள்சந்தை)

பதில்: சரியில்ல. மாமா மேல மரியாதை வச்சே சொல்றேன், அவர் காலத்துல எல்லாரும் செஞ்சதுதான். ஆனா நம்ம ஊர் நெலமைய பாருங்க. வீட்டுக்கு ஒரு கெணறு, கெணத்துல இருந்து பத்து எட்டு நடந்தா விளை (தோட்டம்), விளைக்கு அங்கால தண்ணி ஓடுற சானல், சானல் போய் விழுறது குளத்துல. ஆனி ஆடில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகைல ஒரு மழைன்னு ரெண்டு பருவமும் நமக்கு உண்டு, மண்ணுல ஊத்தினது ஊத்தின எடத்துல நிக்கவே நிக்காது. மரத்துல அடிச்சதும் மழைல கழுவி கீழதான் எறங்கும்.

பழைய ஆயில் புது ஆயில் மாதிரி இல்ல. எஞ்சின் தேய்ஞ்ச உலோகத்தூள், பெட்ரோல் எரிஞ்ச கரி, அந்த சூட்டுல உண்டான புற்றுநோய் வரவைக்கக்கூடிய சேர்மங்கள் எல்லாம் அதுல கலந்திருக்கு. தொழுவத்து மரத்துல அடிச்சா மாடு ஒரசும், நக்கும். வாழை மூட்டுல ஊத்தினா மண்ணுல காத்தும் தண்ணியும் எறங்காம வேர் மூச்சு முட்டும். தண்ணில விழுந்தா மேல மெல்லிசா பரவி காத்து உள்ள போறத தடுக்கும், மீனும் தவளையும் சாகும். சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022-ல ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற பேரு, கெடைச்சுது, வெளிநாட்டுல இருந்து பறவை வந்து எறங்குற தண்ணி அது. மாவட்டத்துல எந்த ஓடைல ஊத்தினாலும் அது ஏதோ ஒரு குளத்துக்கோ ஆத்துக்கோதான் போகும்.

மாமாகிட்ட கெணத்த காட்டி சொல்லுங்க, மனசுல ஏறும். கறையானுக்கு கடைல தனியா மருந்து இருக்கு. நீங்களும் ஆயில் மாத்தும்போது கையுறை போடுங்க, கை கறுப்பாகி நகக்கண்ணுல நிக்கிறது நல்லதில்ல.

கேள்வி: கடற்கரை பக்கம் வீடு. 15 லிட்டர் எண்ணெய் டின் ஒண்ணுல நானும் அண்ணனும் மாத்துற ஆயில எல்லாம் சேத்து வச்சிருக்கோம். எப்படி வைக்கலாம், எங்க குடுக்கணும்?
(வாசகர், குளச்சல்)

பதில்: மொதல்ல அந்த டின்ன மாத்துங்க. உப்புக்காத்துல தகரம் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லி தரவேண்டாம், மடிப்புலதான் மொதல்ல ஓட்டை விழும், அதுவும் அடி மடிப்புல, பாத்தாலே தெரியாது. 5 லிட்டர் ஆயில் கேன், திருகு மூடி உள்ளது, ரெண்டு போதும். விளிம்பு வரைக்கும் நெறப்பாதீங்க, மேல நாலு விரல் விடுங்க.

வைக்கிற எடம் நெழலா, கூரைக்கு அடியில, அடுப்புக்கும் கெணத்துக்கும் தள்ளி, பிள்ளைங்க கைக்கு எட்டாம இருக்கணும். மூடி இல்லாத பாத்திரத்த முற்றத்துல விடவே கூடாது. ஒரு மழை பெஞ்சா தண்ணி அடியில போய் உக்காந்துரும், ஆயில் மேல ஏறும், நெறஞ்சு வழியும்போது மொதல்ல வெளிய போறது ஆயில்தான், பாத்திரத்துல மிஞ்சி நிக்கிறது வெறும் தண்ணி.

குடுக்கதுக்கு, பேரல் வச்சிருக்கிற வொர்க்ஷாப்ப பாருங்க. சர்வீஸ் சென்டர், லாரி பஸ் வேலை பாக்கிற பட்டறை எல்லாத்துலயும் பேரல் இருக்கும், பழைய ஆயில் எடுக்கிறவங்க அங்க வந்து மொத்தமா எடுத்துட்டு போவாங்க. குடுக்குறதுக்கு முன்னாடி, யார் எடுக்கிறாங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதிஞ்ச ஆளான்னு கேளுங்க, கேக்கிறதுல தப்பில்ல. 2016-ல வந்த அபாயகர கழிவு விதிகள்ல பழைய ஆயிலும் சேந்திருக்கு, அனுமதி வாங்கின மறுசுழற்சிக்காரங்களுக்குதான் அது போய் சேரணும். 2024 ஏப்ரல்ல இருந்து ஆயில் கம்பெனிகளுக்கே அத திரும்ப மறுசுழற்சிக்கு கொண்டு வர்ற பொறுப்பும் வந்திருக்கு. அழுக்கையும் தண்ணியையும் பிரிச்சு சுத்தம் பண்ணினா அதே எண்ணெய் திரும்ப ஆயிலா ஆகும், அழிஞ்சு போற பொருள் இல்ல. நீங்க கலப்படம் இல்லாம குடுத்தாதான் அது நடக்கும். புது ஆயில் வாங்குற கடைலயும் கேட்டு பாருங்க, சிலர் எடுத்துக்கிடுவாங்க.

கேள்வி: அண்ணே, நான் ஆக்டிவா ஓட்டுறேன், வேலைக்கு போறதுக்கு முன்னாடி காலைலயே ஆயில் மாத்திருவேன். ஸ்கூட்டர் அடியில எடமே இல்ல. கியர் ஆயிலையும் அதே பாட்டில்ல ஊத்தலாமா?
(வாசகி, வடசேரி)

பதில்: தங்கச்சி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு அதுக்கு கீழ ஒரு கனமான பலகைய வச்சா கொஞ்சம் ஒயரும், பலகை ஆடாம இருக்கணும், பக்கத்துல ஒரு ஆள் புடிச்சா நல்லது. பழைய பேக்கிங் ட்ரே, இல்லன்னா ஓரம் ஒயர்ந்த பழைய எவர்சில்வர் தாம்பாளம் போதும், ஒரு லிட்டருக்கும் கம்மியாதான் வரும். அடியில பழைய பேப்பர் விரிச்சுக்கங்க. கியர் ஆயில் கொஞ்சம்தான், இஞ்சின் ஆயிலோட சேத்துக்கலாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல. பிரேக் ஆயில், கூலண்ட், பெட்ரோல், மண்ணெண்ணெய் இதுல எதையும் சேத்துராதீங்க.

பாத்திரம் உள்பக்கம் வெளுப்பா இருந்தா ரொம்ப நல்லது. ஆயில் பால் காப்பி நெறத்துல இருந்தா தண்ணி எறங்கியிருக்கு, மழைல வெள்ளத்துல ஓட்டினவங்க இத கண்டிப்பா பாக்கணும். மினுமினுன்னு மாவு மாதிரி தூள் தெரிஞ்சா பயப்பட வேண்டாம், கையில எடுக்கிற அளவுக்கு துண்டு கெடந்தா வண்டிய ஓட்டாம மெக்கானிக்க கூப்பிடுங்க.

கேள்வி: புல்லட்டுக்கு ஆயில் மாத்தினா காத்துல பாத்திரத்துல விழாம பறக்குது. எங்க ஊர் காத்து உங்களுக்கே தெரியும்.
(வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: தெரியும், காத்தாடிய சுத்துற காத்து ஆயில் ஒழுக்க விடுமா. பெரிய பாத்திரம் மட்டும் போதாது, பாத்திரத்துக்கும் போல்ட்டுக்கும் இடைவெளிய கொறைங்க, கேனுக்கு கீழ செங்கல்லோ பலகையோ வச்சு ஒயர்த்துங்க. காத்து வர்ற பக்கம் சாக்கு ஒண்ண தொங்க விடுங்க, இல்லன்னா காலைல காத்து எழும்புறதுக்கு முன்னாடி சொவர் ஓரத்துல வேலைய முடிங்க. புல்லட்ல ரெண்டு லிட்டருக்கு மேல வரும், அதனால 5 லிட்டர் கேனுக்கு கொறைஞ்சு எதையும் வைக்காதீங்க. ஃபில்டர கழட்டினா அதே கேன்ல ராத்திரி முழுக்க கவுத்தி போடுங்க, அதுக்குள்ள நிக்கிற ஆயிலும் எறங்கட்டும்.

தரைல சிந்திட்டா தண்ணி ஊத்தி கழுவாதீங்க. அறுப்பு மில்லு மரத்தூளோ தென்னந்தும்புத் தூளோ மேல தூவி, காலால தேச்சு, கொஞ்ச நேரம் விட்டு அள்ளுங்க. அள்ளினத தென்னை மூட்டுல போடாம தனியா ஒரு கவர்ல கெட்டி, ஆயில் குடுக்கிற பட்டறைலயே அதையும் வாங்குவாங்களான்னு கேளுங்க.

கேள்வி: ஆன்லைன்ல ஆயில் புடிக்கன்னே மூடி வச்ச ட்ரே விக்கிறாங்களே, வாங்கலாமா?
(வாசகர், கருங்கல்)

பதில்: வீட்ல மூணு நாலு வண்டி இருந்தா வாங்குங்க, மேல பள்ளமும் ஓட்டையும் உள்ள மாதிரி, ஆயில் நேரா உள்ள எறங்கி திருகு மூடி போட்டு அப்படியே தூக்கிட்டு போற வகை நல்லது. வாங்கும்போது ஒயரத்த பாருங்க, காருக்காக செஞ்சது பைக்குக்கு அடியில போகாம நிக்கும். ஒரே ஒரு ஸ்ப்ளெண்டர்னா எண்ணெய் கேனே போதும்.