மரம் வெட்டாத பல்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு எட்டு வயது. பனியுகத்தில் வட அமெரிக்காவில் கரடி அளவுக்கு ஒரு நீர்நாய் இருந்தது, பல்லாலேயே மரங்களைச் சாய்த்து ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியது என்று நேற்று ராத்திரி கதை சொன்னேன். "அப்பா, நம்ம தெரு வேப்பமரத்தை எத்தனை நாள்ல சாய்க்கும்?" என்று கேட்டுவிட்டான். எனக்குத் தெரியவில்லை. அந்த விலங்கை மனிதர்கள்தான் வேட்டையாடி அழித்தார்களா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பெயர். நீர்நாய் என்பது உங்கள் காவிரியிலேயே மீன் பிடித்துத் தின்னும் வேறு விலங்கு. நீங்கள் சொல்வது பீவர், அணிலையும் எலியையும் போல ஒரு கொறித்துண்ணி. இரண்டையும் குழப்பி எழுதும் பழக்கம் தமிழில் எப்போது ஒழியுமோ. போகட்டும்.

பனியுகக் கதை சொல்லித் தூங்கவைக்கும் அப்பா கிடைப்பது பிள்ளைக்குப் பெரிய கொடுப்பினை. அதற்காகவே சொல்கிறேன், விசாரிக்காததைக் கண்ணால் பார்த்ததுபோல் அவனிடம் சொல்லாதீர்கள். அது மரம் வெட்டியது என்று யார் சொன்னது? பல் பெரிது, ஆகவே வெட்டியிருக்கும். இவ்வளவுதானே கணக்கு? இந்தக் கணக்கைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

என் அப்பா தச்சர். பள்ளி விடுமுறையில் உளி தீட்டுவது என் வேலை. உளியின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் சரிவு. சரிவைக் கல்லில் படியவைத்து, தண்ணீர் விட்டு இழுக்க வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் ஆடினாலும் முனை உருண்டுவிடும். அப்பா அதை வாங்கி முன்கையில் ஓர் இழுப்பு இழுப்பார். முடி உதிர்ந்தால் சரி, இல்லையென்றால் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். பட்டறையிலேயே பெரிய உளியை ஒருமுறை அப்படி உருட்டிவிட்டு, அவர் பார்ப்பதற்குள் தேக்கில் வைத்துத் தட்டினேன். செதில் எழவில்லை. மரம் நசுங்கியது, அவ்வளவுதான்.

இன்றைய பீவரின் முன்பல் தீட்டிய உளியேதான். முன்பக்கம் இரும்புச்சத்து ஏறி ஆரஞ்சு நிறத்தில் கெட்டியான எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின் என்ற பல்திசு. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, முன்விளிம்பு தானாகவே கூராகி நிற்கும். காஸ்டராய்டஸ் என்ற அந்தப் பெரிய பீவர் சுமார் 100 கிலோ. பல் 15 செ.மீ. வரை நீளம். ஆனால் முகப்பில் நெடுக வரிவரியாக மேடும் பள்ளமும், நுனி மழுங்கி உருண்டை. அந்தப் பல்லின் படத்தை முதலில் பார்த்தபோது, நான் கெடுத்த உளிதான் கண்முன் வந்து நின்றது.

பல்லை வைத்து நான் சொல்வதை நம்ப வேண்டாம். கனடாவின் யூகானிலும் அமெரிக்காவின் ஒஹாயோவிலும் கிடைத்த எலும்பு, பற்களில் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, ஆய்வாளர் டெஸ்ஸா பிளின்ட் குழுவினர் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். நிலத்து மரத்தைத் தின்றால் உடம்பில் ஒரு விகிதம் தங்கும், நீர்த்தாவரத்தைத் தின்றால் வேறொரு விகிதம். அவர்கள் கண்டது நீர்த்தாவரத்தின் விகிதம். அணை கட்டியதற்கும் சான்று கிடையாது.

வேட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனிதர்கள் அதை வேட்டையாடியதற்கு உறுதியான தடயம் இல்லை. பனியுகம் முடிந்து சதுப்பு நிலங்கள் வறண்டன, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அதுவும் போயிற்று. அதே நிலத்தில் கூடவே வாழ்ந்த சின்ன பீவர் தப்பித்தது. அந்தச் சின்னதால் மரத்தை வெட்டிப் போட்டு, ஓடையை மறித்துத் தனக்கென ஒரு குளத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும். பெரியதன் வாயில் அந்த உளி இல்லை.

இன்று ராத்திரியே மகனிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். உங்கள் வேப்பமரத்தை அது தொட்டிருக்காது. தெருக்கோடியில் குளம் இருந்தால், நேரே அதில் இறங்கி நீர்க்கொடிகளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருக்கும்.