பசிக்க விடுங்க முதல்ல: குழந்தைச் சாப்பாடு பற்றி டீச்சரிடம் கேட்டவை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லை நெடுக வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் இதே பகுதியில் அங்கன்வாடி டீச்சராக வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி (வண்ணாமடை): டீச்சர், பையனுக்கு மூணு வயசு முடிஞ்சுது. எடை 12 கிலோ 200 கிராம். பக்கத்து வீட்டுப் பையன் இதே வயசு, 15 கிலோ இருக்கான். எங்க பையன் காலையில ஒரு டம்ளர் பால் குடிப்பான், பத்து மணிக்கு பிஸ்கட், மத்தியானம் ரெண்டு வாய் சோறு, நாலு மணிக்குப் பால், படுக்கும்போது பால். நான் சரியா ஊட்டறதில்லைன்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: மாமியார்கிட்ட முதல்ல அந்தத் தாய் சேய் அட்டையை எடுத்துக் காட்டுங்க. மூணு வயசு ஆண் குழந்தைக்கு நடு எடை 14.3 கிலோ. 11.3 கிலோவுக்குக் கீழே போனாத்தான் எடைக்குறைவு. உங்க பையன் அந்த அட்டையில இருக்கற வளர்ச்சிப் படத்துல பச்சைக் கட்டத்துலதான், அதாவது சரியான எடையிலதான் இருக்கான். பக்கத்து வீட்டுப் பையனை அளவுகோலா வெச்சா ஒருத்தரும் நிம்மதியா இருக்க முடியாது.

பிறந்தப்போ மூணு கிலோ இருந்த குழந்தை ஒரு வயசுல ஒம்பது கிலோ ஆகுது. மூணு மடங்கு! அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு ரெண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், யார் கண்ணு பட்டுச்சோ"ன்னு எல்லா வீட்லயும் சொல்றது இதைத்தான். யார் கண்ணும் படலை. ஒரு நாள் எடையைப் பார்க்காதீங்க, மாசாமாசம் ஒரே தராசுல போட்டு கோடு மேல போகுதான்னு பாருங்க. மூணு மாசம் கோடு படுத்தே கிடந்தா டாக்டர்கிட்ட காட்டணும்.

இப்போ பாலுக்கு வர்றேன். மூணு டம்ளர்னா 600 மில்லி இருக்கும். அதுலயே 400 கலோரி கிட்ட போயிடுது. அவன் வயசுக்கு நாள் முழுக்கத் தேவையே ஆயிரத்துச் சொச்சம்தான். மேல பிஸ்கட் வேற. அப்புறம் சோத்துக்கு எங்க இடம்? பையன் சாப்பிடாம இல்லை, குடிச்சே வயிறு ரொம்பிடுது. பால்ல இரும்புச்சத்து இல்லைன்னே சொல்லலாம். பாலே கதின்னு இருக்கற குழந்தைங்க வெளுத்துப் போயிருக்கறதை நிறையப் பார்த்திருக்கேன்.

பாலை ரெண்டு சின்ன டம்ளரா, 400 மில்லிக்குள்ள நிறுத்துங்க. சாப்பிட்ட அப்புறம் குடுங்க, முன்னாடி வேண்டாம். ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டரை, மூணு மணி நேரம் தண்ணி தவிர ஒண்ணும் வேண்டாம். உட்கார வெச்சு அரை மணி நேரம் பாருங்க. சாப்பிட்டாச் சரி, இல்லைன்னா சத்தம் போடாம தட்டை எடுத்துடுங்க. என்ன போடறது, எப்போ போடறதுங்கறது உங்க பொறுப்பு. எவ்வளவு சாப்பிடறதுங்கறது அவன் வயிறோட பொறுப்பு. முதல் ரெண்டு மூணு நாள் அழுவான். அந்த நேரத்துல பிஸ்கட் டப்பாவைத் தூக்கிட்டு ஓடி வராம மாமியாரைப் பிடிச்சு வெக்கறதுதான் இதுல பெரிய வேலை.

கேள்வி (வேலந்தாவளம்): நான் கோயம்புத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போறேன். பாப்பாவை அம்மாதான் பார்த்துக்கறாங்க. போன்ல பாட்டு போட்டாத்தான் வாயத் திறக்கறா.

பதில்: போன் பார்த்துக்கிட்டு வாயத் திறக்கற குழந்தைக்கு என்ன சாப்பிட்டோம், வயிறு ரொம்பிச்சான்னு எதுவும் தெரியாது. ஆனா அம்மாவைத் திட்டாதீங்க. அந்த வயசுல ஓடற குழந்தை பின்னாடி கிண்ணத்தோட ஓடறது லேசில்லை. மூணு வேளையும் ஒரே நாள்ல நிறுத்த வேண்டாம். நீங்க வீட்ல இருக்கற ராத்திரிச் சாப்பாட்டுல ஆரம்பிங்க. எல்லாரும் தரையில ஒண்ணா உட்கார்ந்து, அவளுக்கும் தனியா ஒரு தட்டு வெச்சு, அவளே பிசைஞ்சு இறைக்கட்டும். உங்க போனும் அப்போ கையில இருக்கக் கூடாது.

கேள்வி (எருத்தேம்பதி): ஏழு மாசக் குழந்தை. கண்ணங்காய்ப் பொடி (வாழைக்காயைக் காயவெச்சு அரைச்சது), ராகி, அங்கன்வாடில குடுக்கற அமிர்தம் பொடி, இதுல எது நல்லது? தண்ணியா காய்ச்சினாத்தான் முழுங்கறான்.

பதில்: மூணுமே குடுக்கலாம். ஆனா ஒண்ணையே பிடிச்சுக்காதீங்க. கண்ணங்காய்ப் பொடியில மாவுச்சத்துதான் பிரதானம். லேசா செரிக்கும், ஆனா அது மட்டும் போதாது. அமிர்தம் பொடி குடும்பஸ்ரீன்னு கேரள அரசோட மகளிர் குழுப் பெண்கள் தயாரிக்கறது, ஆறு மாசத்துலேருந்து மூணு வயசு வரைக்கும் அங்கன்வாடி வழியா வருது. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா எல்லாம் சேர்ந்திருக்கறதால புரதமும் இருக்கு. சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கு, மேல போடாதீங்க. அதை மாட்டுக்குக் கலக்கற வீடும் எனக்குத் தெரியும். இலவசமா வர்றதுக்கு நம்ம ஊர்ல மதிப்பு அவ்வளவுதான்.

தண்ணியாக் குடுக்கறதுதான் தப்பு. குறுக்கு, அதாவது இந்தப் பொடியில காய்ச்சற கூழ், கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது, ஒட்டி நிக்கணும். குழந்தை வயிறு சின்னது. தண்ணியால அதை ரொப்பினா சத்து எங்கேருந்து வரும்? அரை ஸ்பூன் நெய்யோ தேங்காயெண்ணெயோ விட்டா கெட்டியா இருந்தாலும் வழுக்கிட்டு இறங்கும். ராகியைத் துணியில வடிகட்டறதெல்லாம் ஆரம்பத்துக்குச் சரி, எட்டு மாசம் ஆனா நிறுத்திடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, ஒம்பது மாசத்துக்கு மேல மூணு நாலு தடவை. தாய்ப்பால் ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் குடுக்கலாம். பருப்பு மசிச்ச சோறு, நல்லா வெந்த முட்டை, முள் எடுத்து மசிச்ச மீன் எல்லாமே இப்பவே ஆரம்பிக்கலாம்.

ஒரு வயசு வரைக்கும் உப்பு வேண்டாம். ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் தேவையில்லை. நம்ம சித்தூர்ப் பனங்கருப்பட்டி ஆனாலும் இனிப்பு இனிப்புதான். ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல தடவவே கூடாது. அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையோட குடல்ல வளர்ந்து நரம்பைத் தாக்கும்.

கேள்வி (கோபாலபுரம்): நாலு வயசுப் பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.4 இருக்கு. தினமும் ராகிக் களி குடுக்கறேன், ஏறலை. முருங்கைக்கீரை குடுக்கலாம்னா, கர்க்கடக மாசத்துல ஆகாதுன்னு பக்கத்து வீட்டு சேச்சி சொல்றாங்க.

பதில்: இந்த வயசுக்கு 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. 9.4-ங்கறது நடுத்தரம். சாப்பாட்டால மட்டும் சரியாகற கட்டத்தைத் தாண்டிடுச்சு. டாக்டர் எடை பார்த்து இரும்பு சிரப் அளவு சொல்லுவார், அதைத்தான் குடுக்கணும். ஆரோக்கியக் கேந்திரத்துல வாரம் ரெண்டு தடவை ஒரு மில்லி குடுக்கச் சொல்ற சிரப், ரத்தசோகை வராம தடுக்கறதுக்கு. வந்த அப்புறம் அந்த அளவு பத்தாது. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. ஹீமோகுளோபின் ஏறிடுச்சுன்னு நீங்களா சிரப்பை நிறுத்தவும் வேண்டாம்.

ராகியை எல்லாரும் ரத்தத்துக்குன்னு நினைக்கறாங்க. அதோட பெருமை சுண்ணாம்புச்சத்துல. 100 கிராம்ல 350 மில்லிகிராம் கிட்ட இருக்கு, பாலை விட ரெண்டரை மடங்குக்கு மேல. இரும்பு அதே 100 கிராம்ல நாலஞ்சு மில்லிகிராம்தான். குழந்தை சாப்பிடற ஒரு உருண்டைக் களியில 30 கிராம் மாவு இருந்தா, ஒண்ணரை மில்லிகிராம் தேறும். அதுலயும் உடம்பு எடுத்துக்கறது கொஞ்சம்தான். ஈரல், கறி, மீன்ல இருக்கற இரும்பைத்தான் உடம்பு சுலபமா எடுத்துக்கும். மத்தி கிடைக்கறப்ப வாங்குங்க. சைவ வீடுன்னா பயறு, கீரையோட எலுமிச்சை பிழிஞ்சோ, நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தோ குடுங்க. அதுல இருக்கற வைட்டமின் சி சேர்ந்தா இரும்பு நல்லா ஏறும்.

ஒண்ணு கேக்கறேன், பாப்பா டீ குடிக்கறாளா? நம்ம பக்கம் நாலு வயசுக்கே காலையில ஒரு டம்ளர் சாயா, அதுல பிஸ்கட்டை முக்கித் தின்னுதுங்க. டீயோட துவர்ப்பு இரும்பைப் பிடிச்சு வெளியே தள்ளிடும். அதை நிறுத்தாம என்ன குடுத்தும் பிரயோஜனம் குறைவு. பூச்சி மாத்திரையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டாச்சான்னு பாருங்க.

கர்க்கடகம்னா நம்ம ஆடி. அந்த ஒரு மாசம் முருங்கை வேண்டாம்னா விட்டுடுங்க, சேச்சிகிட்ட சண்டை போட வேண்டாம். முருங்கையை ஒதுக்கற அதே மாசத்துலதான் இங்க பத்து வகை இலை பறிச்சுத் தோரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைக்கற வழக்கமும் இருக்கு. அதைக் கேட்டு வாங்கி ஊட்டுங்க.

கேள்வி (கோவிந்தாபுரம்): பசி எடுக்க மெடிக்கல்ல ஒரு டானிக் தந்தாங்க. குடிச்சதும் நல்லா சாப்பிடறான். தொடர்ந்து குடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பசி டானிக்னு தர்றதுல பலது அலர்ஜி மருந்து வகை. தூக்கம் வரும், பசியும் தூண்டும். நிறுத்தினா பழையபடி ஆயிடும். டாக்டர் பார்த்து எழுதாம குடுக்கக் கூடாது.

கேள்வி (மீனாட்சிபுரம், ஒரு அப்பா): தமிழ்நாட்டுப் பள்ளியில தினமும் முட்டை. இங்க வாரத்துக்கு ஒண்ணுதான். பையனைப் பொள்ளாச்சிப் பக்கம் சேர்க்கலாமான்னு யோசிக்கறேன்.

பதில்: முட்டைக்காகப் பள்ளிக்கூடம் மாத்தறதா? சிரிச்சுட்டேன், மன்னிக்கணும். நீங்க சொல்றது நிஜம்தான். அங்க 2010-லேருந்து வாரத்துல அஞ்சு நாளும் முட்டை, 2022-லேருந்து தொடக்கப்பள்ளிக்குக் காலைச் சாப்பாடும் உண்டு. இங்க பள்ளியில முட்டையோட பாலும் தர்றாங்க. அங்கன்வாடியில 2022-ல முட்டையும் பாலும் வாரம் ரெண்டு ரெண்டு நாள்னு ஆரம்பிச்சாங்க, 2025-ல அதை மூணு மூணு நாள் ஆக்கினாங்க. 2025-ல ஒரு சின்னப் பையன் உப்புமா வேண்டாம், பிரியாணி வேணும்னு கேட்ட வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சே, அதுக்கப்புறம் மெனுவுல முட்டை பிரியாணியே வந்துருச்சு. பெரியவங்க மனு குடுத்து நடக்காதது!

குறையற முட்டையை வீட்ல குடுங்க. ஒரு முட்டையில ஆறு கிராம் புரதம் இருக்கு. அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட் ஒரு நாளைக்கு ரெண்டு வாங்கறீங்கன்னா, முட்டைக் காசு அங்கயே இருக்கு. சூடு பிடிக்கும்னு பயப்பட வேண்டாம்.

கேள்வி (முதலமடை): பால்ல மால்ட் பவுடர் கலக்காம குடிக்க மாட்டேங்கறா. உயரமா வளருவான்னு விளம்பரத்துல வருதே?

பதில்: டப்பாவைத் திருப்பிப் பாருங்க, 100 கிராம்ல சர்க்கரை எவ்வளவுன்னு எழுதியிருக்கும். 2024 ஏப்ரல்ல இந்த மாதிரி பானங்களை "ஹெல்த் டிரிங்க்" வரிசையிலேருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசே சொல்லிடுச்சு. வாரத்துக்கு வாரம் அரை ஸ்பூனா குறைங்க. பால் வேண்டாம்னா மோர், தயிர் குடுங்க.

கேள்வி (ஒழலப்பதி): காய் வெச்சா எல்லாத்தையும் பொறுக்கி ஓரமா வெச்சுடறான். மிக்ஸில அடிச்சு தோசை மாவுல மறைச்சுக் குடுக்கறேன்.

பதில்: மறைச்சுக் குடுங்க, தப்பில்லை. ஆனா தட்டுலயும் ஒரு துண்டு கண்ணுக்குத் தெரியற மாதிரி வைங்க. புதுசா ஒரு காயை ஏத்துக்க எட்டு, பத்து தடவைக்கு மேல கூட வெக்க வேண்டி வரும். நாம மூணாவது தடவையே "இவனுக்குப் பீர்க்கங்காய் ஆகாது"ன்னு பட்டம் கட்டிடறோம். "இதைத் தின்னா மிட்டாய் தர்றேன்"னு மட்டும் பேரம் பேசாதீங்க. காய் தண்டனை, மிட்டாய் பரிசுன்னு அவன் மனசுல பதிஞ்சுடும். வீட்ல அப்பா காயை ஒதுக்கறாரான்னும் பாருங்க. பாதி வீட்ல விஷயம் அங்கதான் இருக்கு.

கேள்வி (நாட்டுக்கல்): ரெண்டு வயசுக் குழந்தைக்கு வயித்தோட்டம். சாப்பாட்டை நிறுத்தி இளநீர் மட்டும் குடுக்கறோம், சரியா?

பதில்: சாப்பாட்டை நிறுத்தவே கூடாது. ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி) பெரிய பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில கலக்கணும். பாதிப் பாக்கெட், கால் டம்ளர்னு கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. 24 மணி நேரத்துக்கு மேல மிச்சம் இருந்தாக் கொட்டிடுங்க. கூடவே துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், 14 நாள். போறது நின்னாலும் 14 நாள் முடிக்கணும். இளநீர் குடிக்கலாம், ஆனா ஓஆர்எஸ்ஸுக்குப் பதில் ஆகாது, அதுல உப்பு குறைவு. கஞ்சி, தயிர்ச் சோறு, பழம் எது இறங்குதோ குடுங்க, தாய்ப்பாலும் தொடரட்டும். கண்ணு உள்ள போனா, ஒண்ணுக்கு போறது குறைஞ்சா, மலத்துல ரத்தம் வந்தா, குடிக்கக் கூட முடியாம துவண்டா, உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): பொண்ணுக்குப் பதினொண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு காலையில சாப்பிடாமயே ஓடறா. பள்ளியில குடுக்கற நீல மாத்திரையும் வேண்டாங்கறா, வயித்தைப் புரட்டுதாம்.

பதில்: அவ சொல்றது பொய் இல்லை. வெறும் வயித்துல போட்டாப் புரட்டும். அந்த மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு, வாரம் ஒண்ணுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்க. வயசுக்கு வரப்போற பொண்ணு, விட்டுடக் கூடாது. காலையில இட்லி, தோசைன்னு உட்கார நேரமில்லைன்னா ராத்திரியே ஒரு நேந்திரம்பழமும் ஒரு முட்டையும் அவிச்சு வைங்க. பஸ்ஸுல போகும்போது சாப்பிடட்டும். "குண்டாயிடுவேன்"னு சாப்பிடாம இருக்காளான்னு மட்டும் மெதுவாக் கேட்டுப் பாருங்க. இந்த வயசுல அதை நேரடியா சொல்ல மாட்டாங்க.

கேள்வி (வாளையார்): ரெண்டரை வயசுக் குழந்தைக்குக் கடலை மிட்டாய் குடுக்கலாமா? சத்துன்னு சொல்றாங்களே.

பதில்: சத்துதான், ஆனா முழுக்கடலை அஞ்சு வயசு வரைக்கும் வேண்டாம். சின்னக் குழந்தைக்கு அரைச்சு மெல்லத் தெரியாது. சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சுக்குழாயில போயிடும். கடலையை வறுத்துத் தோல் நீக்கிப் பொடிச்சு, சோத்துலயோ குறுக்குலயோ போடுங்க. முழுத் திராட்சையை நீளவாக்குல நாலா நறுக்குங்க. படுத்துக்கிட்டும் ஓடிக்கிட்டும் எதையும் தின்ன விடாதீங்க. ஏதாவது அடைச்சுடுச்சுன்னா, கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தேடாதீங்க, இன்னும் உள்ள போயிடும்.