கிராப்ஸ் மேசையில் தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டினால் ஜெயிக்கலாமா?

"தோற்றால் இரண்டு மடங்கு கட்டு, ஜெயித்தால் பழைய தொகைக்கே திரும்பு, எப்படியும் லாபம்தானே?" என்று கிராப்ஸ் என்ற பகடைச் சூதாட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எக்செல்லில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

2018இல் மச்சானோடு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி லாஸ் வேகஸ் போனேன். உடனே திட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். நெவாடாவில் 1931 முதல் சூதாட்டம் சட்டப்படி செல்லும். வீட்டு வாடகையை எடுத்துக்கொண்டும் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, 1,000 டாலர், அதோடு சரி.

ஆட்டம் இதுதான். மேசையில் பாஸ் லைன் என்று குறித்த இடத்தில் பணம் வைத்து, இரண்டு பகடையை உருட்டுகிறோம். முதல் உருட்டலில் 7 அல்லது 11 விழுந்தால் ஜெயம். 2, 3, 12 என்றால் போச்சு. வேறு எண் விழுந்தால் அதுதான் பாயிண்ட், 7 வருவதற்குள் அது மறுபடி விழ வேண்டும். ஜெயிக்க 49.3 சதவீத வாய்ப்பு. கட்டும் 100 டாலருக்குச் சராசரியாக 1.41 டாலர் காசினோவுக்கு. இரண்டு பூஜ்யம் வைத்த ரூலெட் என்ற சக்கர ஆட்டத்தில் இது 5.26, அதனால் கிராப்ஸ் எவ்வளவோ தேவலை.

எங்கள் மேசையில் குறைந்தது 15, அதிகம் 1,000. நான் போட்ட திட்டம் 15, 30, 60, 120, 240, 480. ஆறு படி, மொத்தம் 945. வரிசையாக ஆறு தடவையா தோற்கப்போகிறோம் என்று நினைத்தேன். 15இல் ஆரம்பித்து ஒரு ஜெயம் வரும்வரை ஒரு சுற்று என்றால், ஏறக்குறைய 59 சுற்றுக்கு ஒரு தடவை ஆறு படியும் தோற்போம், அதையும் கணக்குப் போட்டே வைத்திருந்தேன்! ஒன்றரை மணி நேரத்தில் 19 சுற்று முடிந்து 285 டாலர் லாபம். மச்சான் இந்த 'சம்பளத்தை' மாதக் கணக்கில் பெருக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

அப்புறம் ஒரு 12 விழுந்தது. அடுத்து செவன் அவுட், அதாவது பாயிண்டுக்கு முன்னால் 7. பகடை அடுத்தவர் கைக்குப் போனது, அவரும் செவன் அவுட். 120 வைத்தேன், 3. 240 வைத்தேன், பாயிண்ட் 4, அதுவும் போனது. 480 வைக்கும்போது கை நடுங்கியதை மறைக்கவில்லை. பாயிண்ட் 10. அது ஜெயிக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். பணத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன், டீலர் தலையை மட்டும் ஆட்டினார். பாயிண்ட் விழுந்தபின் பாஸ் லைன் பணத்தைத் தொட விடமாட்டார்கள். நாலாவது உருட்டலில் 7.

இதில் எனக்கு வலித்தது வேறு. பாயிண்ட் விழுந்தபின் பாஸ் லைனுக்குப் பின்னால் 'ஆட்ஸ்' என்று கூடுதலாக வைக்கலாம். ஜெயித்தால் கிடைப்பது 4, 10க்கு 2:1; 5, 9க்கு 3:2; 6, 8க்கு 6:5. அதில் காசினோவுக்கு ஒரு பைசா பங்கு கிடையாது. நான் அதில் ஒரு டாலர்கூட வைக்கவில்லை, எல்லாம் அடுத்த படிக்கு வேண்டுமே என்று கையிலேயே பிடித்திருந்தேன். காசினோ பங்கு எடுக்கும் இடத்தில் அள்ளிக் கொட்டினேன், எடுக்காத இடத்தில் கஞ்சத்தனம் பார்த்தேன்.

பகடையாவது விதியை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பணத்தை எடுத்தது. தங்கிய ஓட்டலில் இரவுக்கு 49 டாலர் என்று காட்டிவிட்டு, போனபிறகு ரிசார்ட் ஃபீ என்று 39 டாலர் கூடக் கேட்டார்கள். எதற்கு என்றால் நீச்சல் குளமாம், வைஃபையாம். குளத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம்தான் அமலுக்கு வந்தது. எனக்கு அது ஏழு வருஷம் லேட்.

மேசையில் 340 டாலர் மிச்சம். அடுத்த ஏழாவது படிக்கு 960 வேண்டும், இல்லை. சும்மா 15 வைத்தேன். விழுந்தது 11.

"ஏழாவதும் கட்டியிருந்தால் எல்லாம் திரும்ப வந்திருக்கும் மாமா, 2,000 கொண்டு போயிருக்கணும்" என்று மச்சான் இன்றும் சொல்கிறான். வந்திருக்கும்தான். ஏழு படியிலும் 1,905 டாலரைப் பணயம் வைத்து, கடைசியில் கைக்கு லாபமாக நின்றிருப்பது 15 டாலர். எட்டாவது படிக்கு 1,920 வேண்டும், மேசை 1,000த்துக்கு மேல் வாங்காது. அந்த 15 டாலரில் ரிசார்ட் ஃபீயில் பாதிகூடத் தேறியிருக்காது.