ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய எஸ்யூவிக்கு வீல் அலைன்மென்ட் செய்யும்முன் உயரத்தை ஏன் பார்க்கிறார்கள்?

சக்கரங்கள் நேராகவும் சரியான சாய்விலும் நிற்கும்படி திருத்துவதுதான் வீல் அலைன்மென்ட். ஏர் சஸ்பென்ஷன் உள்ள லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்ற வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை. வண்டி தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் கோணம் மாறி, சக்கரத்தின் சாய்வும் மாறிவிடும். குனிந்து நின்றுகொண்டு தையல்காரரிடம் பேன்ட்டுக்கு அளவு கொடுப்பது மாதிரிதான். அதனால் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் பிடித்து, உயரம் சரியா என்று பார்த்த பிறகே அலைன்மென்ட்டைத் திருத்தும் போல்ட்டைத் தொட வேண்டும். அப்புறம், பழைய வண்டியில் புஷ் (ஆர்ம் இணைப்பில் இருக்கும் ரப்பர்) தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் காசு தண்டம். அட்ஜஸ்ட் போல்ட் துருப்பிடித்து இறுகியிருப்பதும் சகஜம்.

“காற்றுப்பை தானே மட்டம் பார்த்துக்கொள்ளும், அலைன்மென்ட் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். அது பார்ப்பது உயரத்தை மட்டும்தான். சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.